பிரவுன் டயல், உப்புக் காற்று, தங்கம் கூடாத கை: காக்காவுக்கு எந்த வாட்ச்?

காக்கா, அதாவது என் அண்ணன், துபாய் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாகக் கீழக்கரைக்கே வந்துவிட்டார். 31 வருஷம். லாத்தா (அக்கா) கல்யாணம், என் படிப்பு, தம்பியின் கடை எல்லாமே அவர் அனுப்பிய பணத்தில் நடந்தது, அதனால் நாங்கள் மூன்று பேரும் லாத்தா மகனும் சேர்ந்து, ஆளுக்கு 75,000 போட்டு, அவருக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்கிக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். மொத்தம் 3 லட்சம். "போனைப் பார்த்தா மணி தெரியாதா"ன்னு லாத்தா முதல் நாளே கேட்டாள், கேட்டுவிட்டு முதல் ஆளாகப் பணத்தையும் போட்டாள். என்ன வாட்ச் வேணும் என்று காக்காவிடம் சுற்றி வளைத்து விசாரித்ததில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டயல் பிரவுனா இருக்கட்டும், வாப்பா வாட்ச் மாதிரி."

அந்த வேடிக்கையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வாப்பா வாட்ச் பிரவுனே கிடையாது. அது கொழும்பில் வாங்கிய ஃபேவர் லூபா, வாங்கும்போது கறுப்பு டயல். சங்கு வியாபாரத்தில் நாள் முழுக்கக் கடற்கரை வெயிலில் நின்று நின்று 20 வருஷத்தில் அது கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. 1950, 60-களில் கறுப்பு டயலுக்குப் பூசிய சில பூச்சுகள் வெயிலும் ஈரமும் பட்டால் வெளுத்துப் பழுப்பாகிவிடும். அன்றைக்கு அது குறை. இன்றைக்கு அதற்கு 'டிராபிகல் டயல்' என்று பேர், பழைய ரோலெக்ஸ், ஒமேகாவில் அப்படி நிறம் மாறியது வந்தால் சேகரிக்கிறவர்கள் கறுப்பு டயலுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். வாப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தும் பயனில்லை, 1994-ல் பள்ளிவாசலில் ஒளு செய்யும்போது, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்போது, கழற்றித் தொட்டித் திட்டில் வைத்தவர் தொழுதுவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார், திரும்பிப் போனபோது வாட்ச் இல்லை.

அதனால் நான் முதலில் நினைத்தது, அதே மாதிரி ஒரு பழைய ஃபேவர் லூபாவைத் தேடி வாங்கிவிடலாம் என்று. நம் நாட்டில் அந்தக் காலத்தில் நிறைய விற்ற கம்பெனி அது, 1737-ல் தொடங்கியது, பம்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கடை போட்டவர்கள். சீ சீஃப், சீ கிங் என்று இன்றைக்கும் ஆன்லைனில் வரிசையாகக் கிடக்கும். நான் ஒன்று வாங்கினேன், எவனிடம் என்று சொல்லவில்லை, படத்தில் பார்க்க அசல் தொதல் நிறம், எங்கள் ஊர் கருப்பட்டி இனிப்பு அது. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைக் கழற்றி மெஷினைப் பார்த்தார், பரவாயில்லை என்றார், அப்புறம் டயலைத் திருப்பி ஆறு மணிக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்தை என்னைப் பார்க்கச் சொன்னார். 'ஸ்விஸ்' என்ற எழுத்தின் கால்கள் ஒரே கோட்டில் நிற்கவில்லை, மேலும் கீழுமாக அலை அடித்தது. எண் மூன்றுக்குப் பக்கத்தில் பெயிண்டுக்குள் ஒரு பிரஷ் மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது. மறுபூச்சு. "இது வெயில் போட்ட கலர் இல்ல தம்பி, போன வருஷம் போட்ட கலர்" என்று மூடிக் கொடுத்துவிட்டார். எச்எம்டி பைலட்டிலும் இதே கதைதான், பிரவுன், ஆரஞ்சு, பச்சை என்று வானவில் நிறத்தில் விற்கிறவை எல்லாம் பெரும்பாலும் இப்படிப் பூசினவை. பழைய பிரவுன் டயல் வேண்டுமென்றால் லென்ஸ் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வாங்குங்கள். இன்னொரு விஷயம், அந்தக் காலத்து வாட்சில் டயலில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கிற வாஷர் 50 வருஷத்தில் காய்ந்து கருவாடாகியிருக்கும். நம் ஊர் வேர்வையே போதும் அதற்கு.

சரி, புதுசு பக்கம் வருவோம்.

பிரவுன் டயல் வாட்சைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வருவது ரோஸ் கோல்டு. பிரவுனுக்கும் சிவப்புத் தங்கத்துக்கும் அவ்வளவு பொருத்தம், கம்பெனிகளும் அந்த ஜோடியைத்தான் திரும்பத் திரும்பப் போடுகின்றன. பாடெக் ஃபிலிப் 2015-ல் ரோஸ் கோல்டு நாட்டிலஸைப் பிரவுன் டயலோடு கொண்டுவந்தது, ரோலெக்ஸ் சாக்லேட் டயலைப் பெரும்பாலும் எவரோஸ் என்கிற தன் சொந்த ரோஸ் கோல்டோடுதான் சேர்க்கிறது. எங்கள் வீட்டில் ஆண்கள் தங்கம் போடுவதில்லை, மார்க்கத்தில் அனுமதி இல்லை. முலாம் ஆகுமா, முள் மட்டும் தங்கமென்றால் ஆகுமா என்று பேச ஆரம்பித்தால் ராத்திரி இஷா தொழுகை தாண்டியும் பேசலாம், காக்கா அந்தப் பேச்சுக்கே வரமாட்டார், மோதிரமே வெள்ளிதான். ஆக, ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 41-ல் ஸ்டீலும் எவரோஸும் கலந்து சாக்லேட் டயலோடு வருகிறதே, தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற குமிழ்க் கண்ணாடியோடு, 60 தாண்டியவருக்கு அதைவிட வசதி என்ன இருக்கிறது என்று லாத்தா மகன் துபாயிலிருந்து படம் படமாக அனுப்பியதற்கெல்லாம் ஒரே வரியில் பதில் போட்டேன். தங்கம் இல்லாமலே இருந்தாலும் நம் 3 லட்சத்துக்கு அது எட்டாது, பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு.

இரண்டாவது நிபந்தனை தண்ணீர். காக்கா ஐந்து வேளைத் தொழுகையாளி, ஒவ்வொரு தடவையும் முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும், வாட்சுக்கு அடியிலும் தண்ணீர் படவேண்டும். ஒன்று கழற்றணும், இல்லை மேலே தள்ளணும். கழற்றி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வாப்பா வாட்சே சாட்சி. தோல் வார் போட்ட வாட்ச் இந்த வீட்டில் மூன்று மாசம் தாங்காது, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து ஓரம் வெடித்து, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வாடை அடிக்கும். துணி வாரும் அப்படித்தான், சீக்கிரம் காயாது. ஸ்டீல் செயின் அல்லது ரப்பர், வேறு பேச்சே இல்லை.

மூன்றாவது காற்று. இதை வெளியூர்க்காரர்கள் குறைத்து எடை போடுகிறார்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துரு ஏறி ஏறி 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தவேண்டி வந்தது, பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அந்த இரும்பைத் தின்ற அதே உப்புக் காற்றுதான் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையும், பைக் சைலன்சரையும், வாட்ச் செயினின் பின்னையும் தின்கிறது. வாட்சுக்குப் போடுகிற 316எல் ஸ்டீல் சாமானியமாகத் துருப்பிடிக்காது, ஆனால் வேர்வையும் உப்பும் சேர்ந்து இடுக்கில் தேங்கி நின்றால், முக்கியமாகச் செயின் கேஸோடு சேருகிற இடத்திலும் பின்மூடி ஓரத்திலும், ஊசி முனையால் குத்தின மாதிரி குழி விழும். ரோலெக்ஸ் 1985-லிருந்து 904எல் என்கிற ஸ்டீலுக்குப் போனது, அதில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் கூடுதல், உப்புக்கு இன்னும் நன்றாக நிற்கும். மற்றதற்கு வைத்தியம் ஒன்றுதான், ராத்திரி கழற்றினதும் சாவி, அதாவது பக்கத்தில் மணி வைக்கிற திருகு, இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைப்பது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீரே காசு கொடுத்து வாங்குகிற சங்கதி என்றாலும் ஒரு டம்ளர் போதும்.

இந்த மூன்றையும் போட்டுச் சலித்ததில் மிஞ்சியது நாலே நாலு. அதற்கு முன்னால் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் கடையில் ஏமாந்த இடம் அதுதான்.

பிரவுன் என்பது தனி நிறமே இல்லை, இருட்டின ஆரஞ்சு. மேலே விழுகிற வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் இருந்தால்தான் அது எழும்பும். கடையில் வாட்சுக்கு நேர் மேலே மஞ்சள் விளக்கு வைத்திருப்பார்கள், அதன் கீழே எந்தப் பிரவுனும் அப்போதுதான் கிண்டி இறக்கிய தொதல் மாதிரி மினுமினுக்கும். அதையே வீட்டு வெள்ளை எல்இடி கீழே கொண்டுவந்தால் கறுப்புக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு நிறம். மதுரையில் ஒரு கடையில் நான் ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் நிழலில் பார்த்தேன், பிரவுன் எங்கே போச்சு என்று தேடவேண்டியதாயிற்று. கடைப் பையன் கூடவே வந்து நின்றான், பாவம், தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பான். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கதிர் கதிராகத் தேய்த்து அதன்மேல் நிறம் ஏற்றிய டயல் வெயிலில் பிரமாதமாக இருக்கும், கையை அசைத்தால் வெளிச்சம் சுற்றும், ஆனால் அதுதான் உள்ளே வந்தால் அதிகம் இருண்டு போகும். அடங்கின, மினுக்காத பிரவுன் எங்கேயும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கடையில் பார்க்கும்போது மனசை இழுக்காது. அதனால் வாசல், நிழல், வெள்ளை விளக்கு, மூன்றிலும் பார்க்காமல் பிரவுன் டயல் வாங்காதீர்கள். கண்ணாடி போடுகிற வயதுக்காரருக்கு இன்னொன்று: பிரவுன் டயலில் தங்க நிற முள் பார்க்க அழகு, ராத்திரி பத்து மணிக்கு நேரம் பார்க்கத் தொல்லை. முள்ளும் மணிக்குறியும் தடிமனாக, வெள்ளையாகப் பூச்சு நிரம்பியதாக இருக்கணும்.

அந்த நாலில் ஒமேகாவை முதலில் தள்ளிவிடுகிறேன், தள்ள மனசே இல்லை என்றாலும். சீமாஸ்டர் 300, 2021-ல் 'பிரான்ஸ் கோல்டு' என்று புதிதாக ஒரு உலோகத்தில் வந்தது. வெண்கலத்தோடு தங்கம், பல்லேடியம் எல்லாம் சேர்த்து உருக்கியது, டயலும் பழுப்பு, ஓர வளையமும் பழுப்பு செராமிக், 300 மீட்டர் வரைக்கும் தண்ணீர் தாங்கும். வெண்கலத்தின் பெரிய தலைவலி, பச்சைக் களிம்பு, அது இதில் வராத மாதிரிச் செய்திருக்கிறார்கள், அதனால் கையில் நேராகப் படலாம். உப்புக் காற்றுக்கென்றே செய்த மாதிரி ஒரு பிரவுன் வாட்ச். ஆனால் அதில் தங்கம் 37.5 சதவீதம், 9 காரட் முத்திரையே உண்டு. எங்கள் தெருவில் மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். அவர் சதவீதக் கணக்குக்குள்ளேயே போகவில்லை, "கலந்திருக்குன்னு தெரிஞ்சபிறகு என்னத்துக்குப்பா அது?" என்றார். விலையும் நம் கைக்கு அடங்காது. தங்கம் போடுகிற வீட்டுக்காரர்கள், காசும் இருந்தால், வேறெதையும் பார்க்கவேண்டாம், இதையே வாங்குங்கள்.

அடுத்து டியூடர் பிளாக் பே பிரான்ஸ். இதில்தான் நான் ஒரு மாசம் மூழ்கிக் கிடந்தேன். 2016-ல் வந்தது 43 மில்லிமீட்டர், பிரவுன் டயல், பிரவுன் வளையம், 3, 6, 9 மட்டும் எண்ணாக எழுதியிருக்கும். 2019-ல் பிரவுனை எடுத்துவிட்டுச் சாம்பல் டயல் போட்டார்கள், அதனால் பிரவுன் வேண்டுமென்றால் கைமாறினதுதான். 2021-ல் அதையே 39 மில்லிமீட்டரில், பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் பிரான்ஸ் என்று கொண்டுவந்தார்கள், செயினும் வெண்கலம், விற்பது டியூடரின் சொந்தக் கடைகளில் மட்டும். உள்ளே ஓடுவது டியூடரின் சொந்த மெஷின், நேரம் தவறாததற்குச் சான்றிதழ் பெற்றது, கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும், 200 மீட்டர் தாங்கும். நிறம் அடங்கின காப்பிக்கொட்டை நிறம். வாப்பா வாட்சுக்கு ரொம்பக் கிட்டே வருவது இதுதான், நிறத்தில் மட்டும் இல்லை, குணத்திலும், ஏனென்றால் வெண்கலம் நாளாக ஆக மாறிக்கொண்டே இருக்கும், போடுகிறவன் வேர்வைக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகும். வெளிநாட்டில் அந்த மாற்றத்துக்காகவே வாங்குகிறார்கள், சீக்கிரம் பழுக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களாம். இங்கே முக்கவே வேண்டாம், மாடியில் கொடியில் தொங்கவிட்டால் போதும்!

பிரச்சினையும் அங்கேதான். இது செம்பும் அலுமினியமும் சேர்ந்த வெண்கலம், கப்பலின் அடியில் சுற்றுகிற விசிறிக்குப் போடுகிற வகை, அதனால் கெட்டுப்போகும் என்ற பயம் கிடையாது. ஆனால் மேலே களிம்பு ஏறும், அந்தப் பச்சை மணிக்கட்டில் ஒட்டும். கேஸின் பின்மூடியை மட்டும் ஸ்டீலில் செய்து வெண்கல நிறம் ஏற்றியிருக்கிறார்கள், 43-இல் ரப்பர் வார் போட்டால் கையில் அதிகம் படாது. 39-இல் செயினே வெண்கலம் என்பதால் ஐந்து வேளைத் தண்ணீரும் நம் வேர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். காக்காவிடம் படத்தைக் காட்டினேன், பொதுவாகக் காட்டுவது போல. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "வெண்கலமா? அப்ப உங்க மாமி இதைப் புளி போட்டுல்ல தேய்ச்சு வச்சிடுவா" என்றார். காக்காவின் மனைவி எனக்கு மதினி, ஆனால் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி மாமி என்றுதான் அவரும் சொல்லுவார். அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை, எங்கள் வீட்டில் வெண்கலப் பாத்திரம் கறுத்தால் அதை அழகு என்று யாரும் விட்டுவைத்ததில்லை, மதினி நிச்சயம் தேய்த்துவிடுவார்.

அளவும் உதைக்கிறது. காக்கா மணிக்கட்டை நூல் வைத்து அளந்ததில் 16 சென்டிமீட்டர். 43 மில்லிமீட்டர் அதில் ஏறி உட்கார்ந்தால் தோசைக்கல். இதனால்தான் லாஞ்ஜின் லெஜண்ட் டைவரும் போனது, அதை நினைத்தால் இன்னும் வருத்தம். நான் பார்த்த பிரவுன்களில் அசல் தொதல் அதுதான். 2020-ல் வந்த மாடல், டயல் நடுவில் பிரவுன், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பாக இறங்கும், அடியில் லேசாகப் பிடித்த தொதலின் ஓரம் எப்படி இருக்குமோ அப்படியே. 1959-ல் அவர்களே செய்த முக்குளிப்பு வாட்சின் மறுபிறவி, சாவி இரண்டு, ஒன்று மணிக்கு, இன்னொன்று கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கிற வளையத்தைச் சுற்ற. வளையம் உள்ளே இருப்பதால் உப்பு தேங்க இடுக்கு இல்லை, நம் ஊருக்கு அது பெரிய நன்மை, 300 மீட்டர் தாங்கும், விலையும் 3 லட்சத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் 42 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் வார் மாட்டுகிற காதுகள் நீளம், 16 சென்டிமீட்டர் கையில் இரண்டு பக்கமும் வெளியே எட்டிப் பார்க்கிறது. கேஸ் முழுக்கப் பளபளப்புப் பாலீஷ் வேறு, கீறல் விழுந்தால் தனியாகத் தெரியும். வருவது தோல் வாரோடு, அதைக் கழற்றி 22 மில்லிமீட்டர் ரப்பர் போட்டுக்கொள்ளலாம். கை கொஞ்சம் பெரிதாக இருந்தால் பேச்சே வேண்டாம், இதுதான். தம்பிக்குப் போட்டுப் பார்த்தேன், அவன் மணிக்கட்டில் கச்சிதம். அவன் உடனே ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தான், அவன் 75,000-ஐத் திருப்பி வாங்கிவிடலாமா என்று கணக்குப் போட்டிருப்பான்.

கடைசியில் நிற்பது செய்கோ ப்ராஸ்பெக்ஸ் எஸ்பிபி147. லக்ஷரி என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1965-ல் ஜப்பானில் முதன்முதலாகச் செய்த முக்குளிப்பு வாட்சை ஒட்டி 2020-ல் வந்தது. 40.5 மில்லிமீட்டர், காதுகள் கீழ்நோக்கி வளைவதால் காக்கா கைக்கு ஒட்டி உட்காரும். முழு ஸ்டீல், மேலே கீறல் எளிதில் விழாத ஒரு பூச்சும் உண்டு. 200 மீட்டர், திருகி மூடுகிற சாவி, கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும். டயல் வெயிலில் கருப்பட்டியை உடைத்த இடம் மாதிரி, நிழலில் அடர் பழுப்பு, வெள்ளை விளக்கில் கொஞ்சம் கறுக்கிறது, முழுசாகக் காணாமல் போகவில்லை. முள்ளும் மணிக்குறியும் தடிமன், ராத்திரி ஒளிர்வதில் செய்கோவை அடிக்க ஆள் குறைவு. விலை லட்சத்தை ஒட்டித்தான், அதாவது நம் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு.

குறை இல்லாமல் இல்லை. தேதி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் பொடியாக இருக்கிறது, காக்காவுக்கு அது தெரியவே தெரியாது, காலண்டர் கிழிக்கிற பழக்கம் இருப்பதால் பரவாயில்லை. நேரம் தவறுவதற்குக் கம்பெனியே கொடுத்திருக்கிற வரம்பு ஒரு நாளைக்கு 25 வினாடி வேகம், 15 வினாடி தாமதம் வரை. டியூடர் மாதிரி சான்றிதழ் வாங்கிய மெஷின் என்றால் 6 வினாடி வேகம், 4 வினாடி தாமதத்துக்குள் நிற்கணும். நாலு திசையிலும் பாங்கு கேட்கிற ஊரில் இதை யார் கணக்குப் பார்க்கப்போகிறார்கள் என்பது என் கட்சி, "அவ்வளவு காசு போட்டு மணி தப்பா காட்டுமா?" என்பது லாத்தா கட்சி. வருவது ரப்பர் மாதிரி சிலிகான் வாரோடு, அதே கேஸில் சாம்பல் டயலோடு வருகிற எஸ்பிபி143-க்கு ஸ்டீல் செயின் உண்டு, அதைத் தனியாக வாங்கி இதற்குப் போட்டுவிடலாம்.

டைட்டனை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஓசூரில் செய்கிற நம் வாட்ச், பிரவுன் டயல் சில ஆயிரங்களிலேயே கிடைக்கும், தினசரிக்கு நான் போடுவதும் அதுதான். ஆனால் பெரும்பாலானவை 30 மீட்டர், 50 மீட்டர், அந்த எண்ணை அப்படியே நம்பி முங்கக் கூடாது, 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். கடலோ குளமோ இறங்குகிறவருக்கு 100-க்குக் குறையாமல் வேணும். காக்கா திரும்பி வந்ததிலிருந்து வாரம் இரண்டு நாள் கடலில் இறங்குகிறார், துபாயில் இருந்த 31 வருஷத்தில் கடலைப் பார்த்ததோடு சரி.

வாங்குகிற இடத்தைப் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் பிரவுனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கறுப்பு, நீலம், வெள்ளை எல்லாம் எப்போதும் இருக்கும், பிரவுனை மட்டும் கம்பெனிகள் இரண்டு மூன்று வருஷம் போட்டுவிட்டு எடுத்துவிடுகின்றன. மேலே சொன்னதில் பாதி இன்றைக்குக் கடை அலமாரியில் வரிசையாக இருக்காது, மிச்சச் சரக்காகவோ ஒரு கை மாறினதாகவோ தேடிப் பிடிக்கணும். கைமாறினது என்றால் பெட்டி, பில், தேதி போட்ட வாரண்டி அட்டை மூன்றும் வேணும், எத்தனை மீட்டர் எழுதியிருந்தாலும் வாஷர் மாற்றி அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இங்கே புதுசு வாங்கினால் இறக்குமதி வரியும் 18 சதவீத ஜிஎஸ்டியும் விலைக்குள்ளேயே இருக்கும், துபாயில் 5 சதவீத வாட், அதனால்தான் நம் ஊரில் எல்லாரும் "பையன் வரும்போது கையில் போட்டுட்டு வரச் சொல்லு" என்கிறார்கள். புதுசை அப்படிக் கொண்டுவந்து சொல்லாமல் வெளியே வருவது சட்டப்படி தப்பு, பிடித்தால் வாட்சும் போகும், அபராதமும் உண்டு, கஸ்டம்ஸில் சொல்லி வரி கட்டி வாங்குவதுதான் மரியாதை. வரி கட்டின பிறகு துபாய்க்கும் இங்கேக்கும் அவ்வளவு வித்தியாசம் இருப்பதில்லை, கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இங்கே வாங்குகிறவர்கள் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க முடியாது, கடைக்காரர் வாங்கவும் கூடாது. 10 லட்சத்துக்கு மேல் போனால் 2025 ஏப்ரலிலிருந்து 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது கடையிலேயே பிடிக்கிற வருமான வரி, வாங்குகிறார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. லாத்தா மகன் டியூடர், கடைசி வரைக்கும். தம்பி லாஞ்ஜின், அவன் கைக்குப் பொருந்தியதால். நானும் லாத்தாவும் செய்கோ, நான் கைக்காக, அவள் மிச்சமாகிற பணத்துக்காக. இரண்டுக்கு ஒன்று ஒன்று, செய்கோ ஜெயித்தது. மிச்சத்தைக் காக்காவும் மதினியும் மக்காவுக்கு உம்ரா போக வைத்துக்கொள்ளலாம் என்று லாத்தா சொன்னாள், இதை அவள் முதல் நாளே மனசில் வைத்திருந்தாள் என்று எனக்கு இப்போது சந்தேகம்.

வாட்ச் போன வாரம் வந்தது, ஸ்டீல் செயினும் சேர்த்து. இன்னும் கொடுக்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது, பாயிடம் கொண்டுபோய் இரண்டு கண்ணி கழற்றி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் நான் கடையில் யோசிக்கவே இல்லை. இந்தச் செயினின் லாக் முக்குளிக்கிறவனுக்காகச் செய்தது, தானாகத் திறக்கக் கூடாது என்று மேலே ஒரு மடிப்பு, அதைத் தூக்கினால்தான் பக்கத்துப் பொத்தானை அமுக்க முடியும், இரண்டும் செய்தால்தான் கழலும். நேற்று சாயங்காலம் அசர் தொழுகைக்கு நானே போட்டுக்கொண்டு போய்த் தொட்டியில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு கையால் மடிப்பைத் தூக்கிப் பொத்தானைத் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஒளு முடித்து எழுந்துவிட்டார். அதனால் நாளைக்குப் பாயிடம் போய் ஒரு கண்ணியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லணும், கொஞ்சம் லூசாக இருந்தால் கழற்றாமலே முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்ளலாம். திட்டில் வைக்கிற வேலையே வேண்டாம்.